கணக்கு சார் ஓடிப்போகவில்லை

கணக்கு சார் இறந்துபோன செய்தி நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்த அன்று, ஒருவர் "எந்த சார்? ஸ்கூலை விட்டு ஓடிப்போனாரே, அவரா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர் "அவரேதான்" என்று போட்டிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நமக்கெல்லாம் ஐம்பது நெருங்கிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. நம் வகுப்பு எந்தப் பக்கம் இருந்தது, வேப்பமரம் எந்தப் பக்கம் இருந்தது என்பதே மறந்துகொண்டிருக்கிறது. ஒரு மனிதரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை மிச்சமிருக்கிறது என்றால் அதுவே பெரிதுதான். ஆனால் அந்த வார்த்தை தப்பு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

சொல்வதானால் என் அண்ணனிலிருந்துதான் தொடங்க வேண்டும். என்னைவிட ஒரு வயது மூத்தவன். மஞ்சள்காமாலை வந்து ஒரு வருடம் வீட்டிலேயே கிடந்ததால் என்னோடு ஒரே வகுப்பில் வந்து உட்கார்ந்தான். தங்கையோடு படிக்கிறவன் என்று நீங்கள் அவனைக் கேலி செய்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. காமாலைக்குப் பிறகு அவன் எதற்கும் சட்டென்று பதில் சொல்ல மாட்டான். கேள்வியை உள்ளே வாங்கி, அசைபோட்டு, அப்புறம்தான் வாயைத் திறப்பான். அதற்குள் கேட்டவர் வேறு ஆளிடம் போயிருப்பார். வீட்டிலும் அப்படித்தான். "இவனுக்கு எண்ணெய் வத்திப்போச்சு" என்பார் அப்பா, அவன் காதுபடவே.

கணக்கு சார் மட்டும் காத்திருந்தார்.

சாரை ஒருமுறை கண்முன் கொண்டுவாருங்கள். ஒல்லி. தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் கிறிஸ்தவக் குடும்பம். ரைஸ்மில்லுக்குப் பின்னால், நெல் அவிக்கும் வாசனை எப்போதும் அடிக்கிற ஒரு ஓட்டு வீட்டில், அப்பாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு வாடகைக்கு இருந்தார். முழுக்கைச் சட்டையை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை மடித்துவிட்டிருப்பார். யாரையும் அடித்ததில்லை. கணக்கைத் தப்பாகப் போட்டவனை டஸ்டரை எடுக்க விட மாட்டார். "அழிக்காதே. அது பாட்டுக்கு அங்க இருக்கட்டும், உன்னை ஒண்ணும் பண்ணாது. பக்கத்துல இன்னொரு தடவை போடு" என்பார். சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் நின்று வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரமானாலும் திரும்ப மாட்டார். என் அண்ணன் பலகைக்கு முன்னால் நின்று யோசித்துக்கொண்டிருப்பான். நாமெல்லாம் பெஞ்சில் நெளிவோம். பிறகு சுண்ணாம்புக்கட்டி பலகையில் உரசும் சத்தம் கேட்கும். விடை சரியாக இருக்கும். சார் திரும்பிப் பார்த்து, "ம்" என்பார். அவ்வளவுதான் பாராட்டு.

அந்த "ம்"முக்காக என் அண்ணன் என்ன பாடுபட்டான் என்று எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சணல் கயிற்றில் கரித்துண்டைக் கட்டிச் சுவர் முழுக்க வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தான். வட்டத்துக்குள் முக்கோணம், முக்கோணத்துக்குள் வட்டம். பசு அதன்மேல் உடம்பைத் தேய்த்து, விலாவெல்லாம் கறுத்துத் திரிந்தது. சட்டைக் கையையும் சார் மாதிரியே மடித்துக்கொண்டான். அவனுடையது அரைக்கைச் சட்டை. மடித்தால் தோளுக்குப் போய்விடும்.

"நான் சார் மாதிரி ஆவப்போறேம்மா."

"ஆவுடா கண்ணு. அதுக்கு முன்னாடி அந்தத் தவிட்டைக் கலக்கி வை" என்பாள் அம்மா.

நாம் எட்டாவது படித்த அந்த வருடம் ஆற்றில் தண்ணீர் வரத் தாமதமாகிவிட்டது. குறுவை போயே போயிற்று. ஆடியும் போய் ஆவணியில்தான் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. மதகைத் திறந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சார் வகுப்பையே எழுப்பி வாய்க்கால் கரைக்கு நடத்திப் போனார். ஞாபகம் இருக்கிறதா? காய்ந்து வெடித்த தரையில் தண்ணீர் ஒரு பாம்பு மாதிரித் தலையை நீட்டி வந்தது. முன்னால் நுரை, சருகு, செத்த வெட்டுக்கிளி, யாரோ தொலைத்த ஒரு ரப்பர் செருப்பு. வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, குமிழி விட்டு, நிரம்பி, பிறகு நகர்ந்தது. அந்த மண்வாசனைக்கு ஈடாக இன்றுவரை நான் எதையும் முகர்ந்ததில்லை. தண்ணீர் இந்தப் பாலத்திலிருந்து அடுத்த பாலத்துக்குப் போக எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போடச் சொன்னார் சார். நாமெல்லாம் வாய்க்கு வந்ததைச் சொன்னோம். அண்ணன் மட்டும் தண்ணீரின் தலைக்கு முன்னால், அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தான்.

"அது ஒரே மாதிரி வரலை சார். வெடிப்பு இருக்கற இடத்துல நின்னு நின்னு வருது. வெடிப்பை எப்படி சார் கணக்குல சேக்கறது?"

சார் அவனையே பார்த்தார். பிறகு கரையில் உட்கார்ந்துவிட்டார், வேட்டி மண்ணாவதைப் பற்றிக் கவலைப்படாமல். "எனக்குத் தெரியலடா. வா, ரெண்டு பேருமா யோசிப்போம்" என்றார். ஒரு வாத்தியார் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் விட்டும் அண்ணன் அங்கேயே இருந்தான். வீட்டுக்கு வரப் பொழுது சாய்ந்துவிடும். நடவு நேரம், நாற்றுக்கட்டு தூக்க ஆள் தேவை. சார் அவனைத் தன் வீட்டு ஆட்டுக்குப் புல் அறுக்க அனுப்புகிறார் என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா வயலிலிருந்து சேற்றுக்காலோடு நேராகப் பள்ளிக்கூடம் போனார். என்ன ஆகுமோ என்று நானும் பின்னால் ஓடினேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பலகைக்கு முன்னால் அண்ணன் நின்று, சுண்ணாம்புக்கட்டியோடு விளக்கிக்கொண்டிருந்தான், தடுமாறாமல். நம் பெஞ்சில், அண்ணன் உட்காருகிற இடத்தில், சார் மோவாயில் கைவைத்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உள்ளே போகாமல் திரும்பினார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "புல்லு அறுக்க விடல. ஆனா வாத்தியாரு சொகுசா உக்காந்துக்கிட்டு எம்புள்ளையை நிக்கவச்சுப் பாடம் நடத்த வுடறாரு. சம்பளம் வாங்கறது அவரு, வேலை செய்யறது இவனா?"

அப்பாமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் பள்ளிக்கூடத்தை உள்ளே இருந்து பார்த்ததே கிடையாது.

சாருக்கு அது நிரந்தர வேலை இல்லை என்பது நமக்கு எங்கே தெரியும்? நிர்வாகம் தற்காலிகமாக வைத்திருந்தது. அந்த இடம் நிரந்தரமானால் அவருக்குத்தான் என்று சொல்லியே வருடங்களைக் கடத்தியிருந்தார்கள். அந்த நம்பிக்கையில் தங்கைக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார். ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு நாள், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தாளாளர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே புது பேன்ட் போட்ட ஒருவர். "இனிமே இவர்தான் உங்களுக்குக் கணக்கு எடுப்பாரு" என்றார் தாளாளர். சார் ஒரு கணக்கின் நடுவில் இருந்தார். கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைப் பார்த்தார். அதை மேசைமேல் உருண்டுவிடாதபடி மெதுவாக வைத்துவிட்டு, நம் பக்கம் திரும்பி, "சாருக்கு வணக்கம் சொல்லுங்க" என்றார்.

நாம் எழுந்து சொன்னோம். அண்ணன் எழவில்லை. சார் அவன் பக்கம் வந்து தோளைத் தொட்டு, "எந்திரிடா" என்று மெல்லச் சொன்ன பிறகுதான் எழுந்தான். அதற்குப் பிறகும் அரைப்பரீட்சைவரை சார் பள்ளியில் இருந்தார். வராதவர்களின் வகுப்பைப் பார்த்துக்கொள்வார், மணி அடிப்பார். நம் வகுப்பைக் கடக்கும்போது உள்ளே பார்க்காமல் போவார்.

அந்தத் தை மாதம், பொங்கல் முடிந்த மறுநாள், அம்மா புது அரிசியும் ஒரு கட்டுக் கரும்பும் கொடுத்து எங்கள் இருவரையும் சார் வீட்டுக்கு அனுப்பினாள். கரும்பு அண்ணன் தோளில், அரிசி என் தலையில். ரைஸ்மில் சந்தில் திரும்பினால் சார் வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. சாருடைய அப்பா திரும்பித் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சார் மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், கைப் பட்டன் போட்டு, யாரோ மாதிரி இருந்தார். பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி மேலே ஏற்றியிருந்தார்கள்.

"எங்க சார் போறீங்க?" என்று கேட்டான் அண்ணன்.

"மஸ்கட்டுக்குடா. ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை."

"எப்ப சார் வருவீங்க?"

"ரெண்டு வருஷம்."

அண்ணன் வழக்கம்போல யோசித்தான். வேன்காரர் ஹாரன் அடித்தார். "அப்ப பத்தாவது கணக்கு யாரு சார் எடுப்பாங்க?"

சார் அவன் தோளிலிருந்த கரும்பை இறக்கி வாங்கி, சுவரில் சாய்த்து வைத்தார். "நல்லா படிக்கணும். விட்டுடாதே" என்றார். வேனில் ஏறிக்கொண்டார். இதைத்தான் நம் ஊர் ஓடிப்போனது என்றது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று தாளாளரே கூட்டத்தில் பேசினார். பிள்ளைகள் முன்னால் மணியடிக்கிற ஆளாக நிற்பதை எத்தனை நாள்தான் ஒருவர் பொறுப்பார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

புது சார் கெட்டவர் இல்லை. விடை தவறினால் அழித்துவிட்டு அவரே போட்டுவிடுவார். வேலை சீக்கிரம் முடியும். அண்ணன் அடம்பிடிக்கவோ அழவோ இல்லை. கொட்டகைச் சுவரை ஒரு நாள் அவனாகவே சாணி போட்டு மெழுகிவிட்டான். அம்மாகூடச் சந்தோஷப்பட்டாள். ஒன்பதாவது முடிந்ததும், இனிமேல் பள்ளிக்கூடம் போகவில்லை என்றான்.

அம்மா சண்டை போட்டாள். "சார் மாதிரி ஆவப்போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே, அது என்னடா ஆச்சு?"

"சார் மாதிரிதாம்மா ஆவப்போறேன். நானும் மஸ்கட் போறேன்."

அப்பா பக்கத்திலேயே இருந்தார். "அவ்ளோ படிச்ச வாத்தியாரே படிப்பு சோறு போடாதுன்னு பிளேன் ஏறிட்டாரு. இவன் படிச்சு என்னத்தைக் கிழிக்கப்போறான்? ஆத்துலயும் தண்ணி இல்ல. வுடுடி" என்றார். அந்த வருடங்களில் தெருவுக்கு ஒரு வீட்டில் யாராவது பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா சொன்னது தப்பாகவே யாருக்கும் படவில்லை.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் வயது வரும்வரை குடவாசலில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தான். பிறகு போனான். கட்டட வேலை.

முதல் விடுமுறையில் வந்தபோது கொல்லையில் தேங்காய் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னான். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம சாரைப் பார்த்தேன் தெரியுமா?"

ஒரு பெரிய அலுவலகத்தில் இவர்கள் தரைக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார்களாம். வேலையாட்களுக்கு டீ வந்தது. தட்டை ஏந்திக்கொண்டு வந்தவர் சார். தலை பாதி நரைத்திருந்ததாம். ஆனால் சட்டைக் கையை அதே மாதிரி மடித்துவிட்டிருந்தாராம்.

"'நீ எப்படிடா இங்க? நீ ஏன்டா வந்தே?'ன்னாரு. எனக்கு வந்த சந்தோஷத்துல, 'நீங்க வந்தீங்கள்ல சார், அதான் நானும் வந்துட்டேன்'னேன். டீயெல்லாம் தட்டுல சிந்திடுச்சு. பாவம், ஆபீஸ்ல கணக்கு வேலைன்னு ஊர்ல சொல்லிட்டு வந்தாரில்ல? டீ கொடுக்கறத நான் பார்த்துட்டேன்னு கூச்சம். மறுநாள் வேற ஒரு ஆள் டீ கொண்டாந்தான். இதை நீ யார்கிட்டயும் சொல்லிடாதே. சார் மானம் போயிடும்."

நான் சொல்லவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் உங்களுக்கு யாருக்கும் தெரியாது.

சார் சில வருடங்களில் திரும்பிவிட்டார். தங்கை கல்யாணத்தை அங்கிருந்தே முடித்து, பிறகு தானும் கல்யாணம் செய்துகொண்டு, மனைவியின் ஊரான குத்தாலத்தில் தங்கிவிட்டார். குத்தகைக்கு நிலம் எடுத்துச் சம்பா போட்டார். நம் பள்ளிக்கூடத்துப் பழைய தலைமையாசிரியரே நேரில் போய் வேலைக்கு அழைத்தார். வர மாட்டேன் என்றுவிட்டார். டியூஷனாவது எடுங்கள் என்று பெற்றோர்கள் போய் நின்றார்கள். அதற்கும் மாட்டேன் என்றார். "வெளிநாட்டுக் காசு கையில இருக்குல்ல, இனி சுண்ணாம்புக்கட்டி பிடிக்கக் கை கூசும்" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என் அப்பாவும் பேசினார்.

அண்ணனும் ஒருவழியாகத் திரும்பி வந்தான், முதுகுத்தண்டில் ஒரு வலியோடு. ஒருநாள் கும்பகோணத்திலிருந்து வரும் பேருந்தில் சார் ஏறினாராம். இவனைப் பார்த்ததும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம், அது அவர் ஊரே இல்லை.

"இன்னும் அந்தக் கூச்சம் போகல அவருக்கு" என்றான் அண்ணன். "நான் எதுக்கு எதிர்ல போய் நின்னு அவரைச் சங்கடப்படுத்தணும்?" அதற்குப் பிறகு குத்தாலம் வழியாகப் போகிற வேலை வந்தால்கூட அவன் சுற்றிக்கொண்டு போனான்.

சென்ற மாதம் அந்தச் செய்தி வந்ததும் நானும் அவனும் அவனுடைய வண்டியில் போனோம். நாங்கள் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. சர்ச்சிலிருந்து திரும்பியவர்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். சார் மனைவியை நாங்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பூஞ்சையான உடம்பு, வெள்ளைச் சேலை. எங்களை உட்காரச் சொன்னார்.

"சார்கிட்ட படிச்சவங்கம்மா" என்றேன்.

அவர் கண்கள் எங்கள் இருவர்மேலும் ஓடின. "அவர்கிட்ட படிச்சவங்கன்னு வந்தது நீங்க ரெண்டு பேருதான்" என்றார். "அவரு பாடம் நடத்தி நான் பார்த்ததே இல்ல. பக்கத்து வீட்டுப் புள்ள ஒரு கணக்கு கேட்டு வந்தாக்கூட எழுந்து கொல்லைக்குப் போயிடுவாரு. நான் சண்டையெல்லாம் போட்டிருக்கேன். ஒருநாள்தான் சொன்னாரு. 'என்னால ஒரு பையன் படிப்பை விட்டுட்டு வந்துட்டான். நீங்க வந்தீங்க, அதான் வந்துட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான். எங்கிட்ட படிச்சதுலயே அவன்தான் கெட்டிக்காரன். இனிமே எந்தப் புள்ள முன்னாடியும் நான் நிக்க மாட்டேன். என்னைப் பார்த்து எதையும் யாரும் கத்துக்க வேணாம்'னாரு. கடைசி வரைக்கும் அவனை மறக்கல. பேரு மட்டும் சொல்ல மாட்டாரு."

நான் அண்ணனைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. சார் மனைவி அவனைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமாப்பா அந்தப் பையனை?" என்று கேட்டார்.

அண்ணன் யோசித்தான். அவர் காத்திருந்தார். தெருவில் ஒரு டிராக்டர் போய் முடிந்தது.

"இல்லம்மா" என்றான்.

வரும் வழியில் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். இரண்டு பக்கமும் கதிர் வாங்கிய வயல். ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே நின்றான்.

"நான் குத்திக்காட்டலடி. அந்தப் பாலைவனத்துல, அத்தனை பேருக்கு நடுவுல, நம்ம சாரைப் பார்த்துட்டேன்னு சந்தோஷத்துல சொன்னேன். உங்களை மாதிரியே வந்துட்டேன் சார்னு… அப்படித்தானே சொன்னேன்?"

"ஆமா" என்றேன்.

"பஸ்ல என்னைப் பார்த்து எறங்கினாரே, அன்னைக்குப் பின்னாலயே எறங்கி ஓடியிருக்கணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என்னிடம்கூடச் சொல்லாமல், அவன் தனியாகக் குத்தாலம் போனான். மத்தியானம் தாண்டித் திரும்பி வந்தான். அம்மா இலையைப் போட்டாள். உட்கார்ந்தான், சாப்பிடவில்லை.

"சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். அந்தப் பையன் நான்தாம்மா, சந்தோஷத்துல சொன்னதும்மா அதுன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "'இதை அவர்கிட்ட வந்து சொல்லியிருக்கக் கூடாதாப்பா'ன்னாங்க."